அயின்கே தண்ணீர் குடிக்கும்

லாகோஸ் பக்கம் இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு இடோவு என்று பெயர். அந்தப் பிள்ளை யாருக்கும் அடங்காது என்ற பேச்சும் பெயரோடு சேர்ந்தே வரும். இஜோரா குளிர்க்கிடங்கில் உறைமீன் எடுத்து மொத்த வியாபாரம் செய்த இடோவு, அந்தப் பேச்சைப் பொய்யாக்க ஒரு நாளும் முயன்றதில்லை. கூலியாள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் சரி, லாரி இரைச்சலைத் தாண்டி அவள் குரல் போய் அவன் காதைப் பிடித்துத் திருப்பிவிடும்.

அவள் கணவன் பாண்டெலே, லாகோஸ் துறைமுகத்துக்குள் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட். சனிக்கிழமையானால் படகு கிளப்பில் பாய்மரப் பந்தயம். கிளப்பில் இருந்த படகுகள் அத்தனையும் ஒரே வரைபடத்தில் கட்டியவை. ஒரே நீளம், ஒரே அளவுப் பாய், படகுக்கு மூன்று பேர். ஆண்டுக்கொரு முறை அளந்து, தராசில் தொங்கவிட்டு எடையும் பார்ப்பார்கள். படகில் பேதம் இல்லை, இருந்தால் ஆளில்தான் என்று காட்டுவதற்கே இந்த ஏற்பாடு. பாண்டெலே மூன்று முறை கோப்பை வாங்கினான். மூன்று முறையும் கிளப் சுவரில் மாட்டிய பலகையில் தங்க எழுத்தில் அவன் பெயர் ஏறியது. படகுக்குத் தன் தாயைக் கொஞ்சி அழைக்கும் பெயரான அயின்கே என்பதை வைத்திருந்தான். இடோவு அதில் முன்பாயைப் பிடித்துக்கொண்டு நனைந்தவள்.

1993இல் அவன் இறந்தான். துக்கம் விசாரிக்க வந்த இருவர் படகையும் விலை விசாரித்தார்கள். "படகுல ஒருத்தர்தான் போயிருக்கார். நான் இன்னும் உக்காந்துதான் இருக்கேன்" என்றாள். அடுத்த பருவத்தில் சுக்கான் அவள் கையில் இருந்தது. முன்பாய்க்கு வங்கி ஊழியை உஃபுவோமா, நடுவில் எஞ்சின் மெக்கானிக் ரசாக்கி.

1996 பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முந்தைய மாலையே, கோப்பை அயின்கேக்குத்தான் என்று புள்ளிக் கணக்கில் முடிவாகிவிட்டது. கிளப் தலைவர் கமடோர் எட்டிம், மிளகு சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"கமிட்டி ஒரு நல்ல காரியம் யோசிச்சிருக்கு. பலகையில நாலாவது தடவையா நம்ம பாண்டெலே பேரையே எழுதிடலாம். அவன் நினைவா இருக்கட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். இடோவு தட்டவில்லை.

"பாண்டெலே கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து சுக்கான் பிடிச்சாரா சார்?"

"அப்படி இல்லம்மா, மரியாதைக்கு..."

"மரியாதை அவருக்கு மூணு தடவை பண்ணியாச்சு. நாலாவது என்னோடது."

மூலையிலிருந்து சீஃப் டகோகோ சிரித்தார். ஆற்றுமுக ஊரான புகுமாவில் பிறந்த கலபாரி இனத்துக்காரர், கப்பல் ஏஜென்ட், புள்ளிக் கணக்கில் இரண்டாவது. அப்பா விட்டுப்போன கறுப்பு வட்டத் தொப்பியைத் தாடையில் கயிறு கட்டிப் பந்தயத்துக்கும் போட்டுக்கொண்டு வருவார்.

"வீட்டம்மா, கோபப்படாதீங்க. ஜெயிக்கிறது படகு. பாண்டெலே அதோட அடிவயித்தை எப்படி இழைச்சானோ, எந்தத் தராசுலயும் மாட்டல. அந்தப் படகுல ஒரு ஆட்டைக் கட்டி விட்டாலும் முதல்ல வந்துடும்."

"அப்ப நாளைக்கு நீங்க ஆடா இருங்க, சீஃப்."

வெற்றிக்கோ தோல்விக்கோ படகைக் காரணம் சொன்னவன் அதை ஓட்டிக் காட்ட வேண்டும், அந்தப் படகுக்காரர் அவன் படகில் ஏற வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். கூப்பிட்டால் மறுக்க முடியாது.

"நான் உங்க படகுல தோத்தா பலகையில யார் பேரை வேணும்னாலும் எழுதிக்குங்க. ஜெயிச்சா என் பேர். கமடோர் சார், சம்மதமா?"

எட்டிம் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் உஃபுவோமா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, உனக்குப் பைத்தியமா? அவர் உள்ள ஏறினா விஷயம் தெரிஞ்சுடாதா?"

விஷயம் இதுதான்: அயின்கே ஒழுகியது. படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் இறக்கும் நடுப்பலகைக்கு ஒரு பெட்டி உண்டு; அதன் அடிமூட்டு ஈஸ்டர் சமயத்திலேயே விட்டுப்போயிருந்தது. படகு வலப்பக்கம் சாய்ந்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும்; இடப்பக்கம் சாய்ந்தால் திறந்துகொள்ளும். பெட்டியைக் கழற்றிச் சரி செய்தால் படகை மறுபடியும் அளக்க வேண்டும். அதற்குள் பருவம் போய்விடும். அதனால் இடோவு தொடங்கியதும் வலப்பக்கம் சாய்ந்தபடியே அபாபா கரை வரை போவாள். இடப்பக்கச் சாய்வைக் கடைசிவரை ஒத்திப்போட்டு ஒரே மூச்சில் முடிப்பாள். அவ்வளவு நேரமும் ரசாக்கி பாதியாய் வெட்டிய எண்ணெய் கேனால் குனிந்து இறைத்துக்கொண்டிருப்பான். அவள் அபாபா பக்கம் போவது நீரோட்ட ரகசியம் என்று நினைத்து நான்கைந்து படகுகள் பருவம் முழுக்க அவள் பின்னாலேயே போயின.

"தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள் இடோவு.

சொன்னபடியே மறுநாள் காலை படகுத்துறையில் அவள் மறைக்கவில்லை. "சீஃப், அயின்கே கொஞ்சம் தண்ணி குடிக்கும். இறைக்கிறதுக்கு இதை வெச்சுக்குங்க." ரசாக்கி கேனை நீட்டினான்.

"பயம் வந்துடுச்சு பாத்தியா!" டகோகோ தன் ஆட்கள் இருவரையும் பார்த்துக் கண்ணடித்தார். "நான் பந்தயத்துக்குப் போறேன், குளிக்கப் போகல. அதை நீயே வெச்சுக்க."

கேன் கரையிலேயே கிடந்தது.

தென்மேற்குக் காற்று. நீர் வற்றத் தொடங்கியிருந்தது. கொம்பு ஊதியதும் பழக்கத்தில் இடோவு டகோகோவின் படகை அபாபா பக்கம் திருப்பினாள். சிறிது தூரம் போன பிறகுதான் உறைத்தது: காலடியில் ஈரமே இல்லை. ரசாக்கி செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, எந்தப் பக்கம்?" என்றாள் உஃபுவோமா.

அந்தப் பருவத்தில் அந்தக் கேள்வி எழுந்ததே அப்போதுதான். இடோவு நீரைப் பார்த்தாள். நடுவாய்க்காலில் ஆகாயத்தாமரைக் கொத்துகள் கடலை நோக்கி வேகமாக மிதந்து போயின. ஓட்டம் அங்கே இருந்தது. பாயைப் புரட்டி நடுவாய்க்காலுக்கு வந்தாள். காற்று திரும்பும் போதெல்லாம் அவளும் திரும்பினாள். முன்னும் பின்னும் கப்பல்கள் ஊளையிட்டன. கடல் வாய் மிதவையை முதலில் சுற்றி, கரை ஓரமாகத் திரும்பி, முடிவுக் கோட்டைக் கடந்து பார்த்தபோது அடுத்த படகின் பாய் சிறு கைக்குட்டையாகத் தெரிந்தது.

துறையில் ஏறியபோது கமடோர் தொலைநோக்கியை இறக்கவே இல்லை.

"உங்க படகுக்கு என்னம்மா ஆச்சு? விளிம்பு வரைக்கும் தண்ணியில கிடக்கு."

மற்றப் படகுகளெல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. அயின்கே மட்டும் தொலைவில், எதிர்நீரில் எருமை போல அசைந்துகொண்டிருந்தது. மீட்புப் படகு அதை நோக்கிப் போனது.

"அவர் இழுவைக் கயிறு வாங்கிட்டா அது பந்தயத்தை முடிக்கத் தகுதியில்லாத படகு" என்றார் எட்டிம், விதிப் புத்தகம் தொண்டைக்குள்ளேயே இருப்பதைப் போல. "அப்புறம் இந்தப் பருவத்துல அது ஓடின எல்லாப் பந்தயத்தையும் கமிட்டி ரத்து பண்ண வேண்டியிருக்கும். கோப்பையே கைமாறும்."

காலையில் யார் தோற்க வேண்டும் என்று இடோவு நினைத்தாளோ, அவர் இப்போது கரை சேர வேண்டும். வலப்பக்கம் சாயுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் வெளியிலிருந்து யோசனை சொன்னால் அந்தப் படகை நீக்கிவிடுவார்கள். கேலி செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

அவள் துறையின் நுனிக்குப் போய், வாயருகே கைகளைக் குவித்தாள்.

"சீஃப்! ஆடு நீந்துது போல இருக்கே! கயிறு வாங்கிக்குங்க, வயசாயிடுச்சு!"

நீருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. "கயித்தை உங்கப்பன் வீட்டுக்கு அனுப்பு!"

"புகுமாவுல எல்லாரும் இப்படித்தான் பாதி வழியில எறங்கிடுவாங்களா?"

"மீன்காரி! வரேன் இரு!"

மீட்புப் படகிலிருந்து வீசிய கயிற்றை அவர் திருப்பி எறிந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு தாடைக் கயிற்றை அவிழ்த்து, அப்பாவின் தொப்பியைக் கழற்றி, அதனால் நீரை இறைக்கத் தொடங்கினார். அவர் ஆட்கள் கைகளாலேயே அள்ளினார்கள். இடோவு தொண்டை கட்டும் வரை திட்டினாள். அவரும் ஒவ்வொரு தொப்பி நீருக்கும் ஒரு வசை சொல்லிக்கொண்டே வந்தார். அயின்கே கோட்டைத் தொட்டது. கொம்பு ஊதியது. துறையில் கட்டுவதற்குள் மெல்லக் கீழே போய்ப் பாய்மரம் மட்டும் வெளியே நின்றது.

"பாருங்க, முழுகிடுச்சு" என்றார் எட்டிம்.

டகோகோ சொட்டச் சொட்டப் படியேறினார். "கொம்பு ஊதினீங்களா இல்லையா?"

"ஊதினேன்."

"அப்ப அது பந்தயத்தை முடிச்சது. மிதந்துச்சு, நான் அதுலதான் இருந்தேன். அதுக்கு மேல எங்க படுத்துக்கணும்னு அது முடிவு பண்ணும்." அவர் இடோவின் பக்கம் திரும்பினார். "இதுலயா வருஷம் பூரா ஜெயிச்ச?"

"தண்ணி குடிக்கும்னு சொன்னேனே."

"சொன்ன." தொப்பியைப் பிழிந்தார். "எழுதுங்க சார், இவ பேரை. அந்த ஓட்டை வாளியோட பேர் பக்கத்துலகூட வரக் கூடாது."

"வரணும்" என்றாள் இடோவு. "என் பேருக்குக் கீழ."

பலகையில் 1996க்கு நேரே அப்படியே இருக்கிறது: இடோவு, அதன் கீழ் உஃபுவோமா, ரசாக்கி, எல்லாருக்கும் அடியில் சிறிய எழுத்தில் அயின்கே.

மழைக்காலத்தில் படகைத் தூக்கிக் காயவைத்துப் பெட்டியை மாற்றினாள். அடுத்த பருவத்தில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நான்காவதாக வந்தாள். சூப்பு குடித்தபடி டகோகோ காரணம் கேட்டார்.

"காரணம் நான்தான்" என்றாள். "படகை ஒண்ணும் சொல்லாதீங்க. சொன்னா ஏறணும்."