பெற்றோர் நாளில் ஒடெட் ஊதிய விசில்

ஒடெட் ஈபாங்க்ஸுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. செயின்ட் எலிசபெத்தில், ஜமைக்காவின் தெற்குக் கரையில், கடலை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. ஆனாலும் மீன் பிடிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. படகிலிருந்து விழாமல் இருந்தால் போதும் என்பது எங்கள் எண்ணம். அவள் மட்டும் எட்டு வயதில், அப்பாவின் படகு நங்கூரம் போட்டு நின்ற இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் குதித்துவிட்டாள். அவள் அப்பா, என் ஆல்டன் பெரியப்பா, பதறிப்போய்க் கயிற்றைத் தேடி எடுப்பதற்குள், நாய்க்குட்டி மாதிரிக் கையையும் காலையும் அடித்துக்கொண்டு படகின் மறுபக்கம் வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ?" என்று கேட்டாளாம்.

அவள் அம்மா, என் பெரியம்மா மிஸ் இசில்டாவுக்கு அது பெரிய கவலை. "பொம்பளப் புள்ள இப்படி உப்புத் தண்ணியில ஊறிக்கிட்டே இருந்தா முடி தேங்கா நாரா போயிடும்டி" என்று திட்டிக்கொண்டே, தினமும் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவார். மறுநாள் அந்தப் பின்னல் மறுபடியும் கடலில் இருக்கும்.

நானும் அவளும் நாலு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். பத்தொன்பது வயதில் அவள் மாண்டெவில்லில் விளையாட்டு ஆசிரியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். நான் பிளாக் ரிவரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலையாக இருந்தேன். கோடை விடுமுறையில் அமெரிக்காவின் சிறுவர் முகாம்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவள் கல்லூரியில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நேர்முகத் தேர்வுக்குத் துணையாகத்தான் நான் போனேன்.

தேர்வு எடுத்தவர் வயதான அமெரிக்கர். அவளுடைய உயிர்காப்பாளர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏரித் தண்ணி ரொம்பக் குளிரும்மா. பரவாயில்லையா?"

"எவ்வளவு சார் குளிரும்?"

"ஜூன் மாசத்துல பதினஞ்சு டிகிரி இருக்கும்."

"அது குளிக்கிற தண்ணியா சார், குடிக்கிற ஜூஸா?"

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளை அப்போதே எடுத்துக்கொண்டார். வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, நீயும் நீந்துவியா?" என்றார்.

"தட்டு கழுவுவேன் சார்" என்றேன். என்னையும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டார்.

செய்தி ஊருக்கு வந்ததும் கிளப்பில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல தீனி கிடைத்தது. ஊர்ப் பெரியவர் மாஸ் கிளிஃபோர்ட் டோமினோக் கட்டையை மேசையில் ஓங்கி அடித்துவிட்டு, "வெள்ளக்காரப் புள்ளைங்களுக்கு நீ நீச்சல் சொல்லித்தரப் போறியா? போய்ப் பாரு, கையில தொடப்பத்தத்தான் குடுப்பாங்க" என்றார்.

"குடுக்கட்டும் மாஸ் கிளிஃபோர்ட். அதையும் நீங்க டோமினோ ஆடுறத விட நல்லாவே செய்வேன்" என்றாள் ஒடெட். கிளப் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் கட்டைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

முகாம் மெய்ன் மாநிலத்தில், பைன் மரங்களுக்கு நடுவே ஒரு ஏரிக்கரையில் இருந்தது. பிள்ளைகள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஊழியர்கள் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையே ஏரிப் பிரிவில் இருந்தவர்களுக்கு நீச்சல் சோதனை. இங்கிலாந்துப் பையன்களும் ஆஸ்திரேலியப் பெண்களும், இந்தத் தீவுக்காரி முழங்கால் நனைவதற்குள் ஓடிவிடுவாள் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஒடெட் ஓடவில்லை. ஆனால் அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. உப்புக் கடலில் மிதந்தே பழகிய உடம்பு, நன்னீரில் கீழே இறங்கிக்கொண்டே போனது. பாதி வழியில் இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள். ஆனாலும் நிற்காமல் முழுத் தூரத்தையும் முடித்தாள். கடைசிக்கு முந்தின ஆளாகக் கரையேறினாள்.

அன்று மதியம் சமையலறை அடுப்போரம் வந்து உட்கார்ந்தாள். உதடு நீலமாகியிருந்தது.

"லின்வால், இந்தத் தண்ணி ஆளத் தாங்கவே மாட்டேங்குதுடா. நம்ம கடல் எவ்வளவு தங்கமானதுன்னு இப்பத்தான் தெரியுது."

"திரும்பிப் போயிடலாமா?"

"போடா. சூடா ஏதாவது குடு. சாயங்காலம் மறுபடி எறங்கணும்."

அந்த வாரம் தினமும் இரண்டு வேளை இறங்கினாள். பிள்ளைகள் வந்தபோது ஏரியில் அவள் மீனாகியிருந்தாள். ஆனால் அவளைப் பிடித்து உலுக்கியது நீச்சல் அல்ல, ஒரு பலகை. படகுத்துறையின் வாசலில் வரிசையாக ஆணி அடித்த பெரிய மரப்பலகை ஒன்று நின்றது. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பிள்ளையின் பெயர் எழுதிய வட்ட வில்லை தொங்கும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. தண்ணீரில் இறங்கும்போது சிவப்பாகத் திருப்ப வேண்டும். ஏறும்போது வெள்ளையாக. பலகையில் சிவப்பு இருந்தால், தண்ணீரில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று பொருள். எங்கள் ஊரில் படகு போனால் அது திரும்பும்வரை கரையில் பெண்கள் நிற்பார்கள். அதைத் தவிர வேறு கணக்குக் கிடையாது. யார் உள்ளே, யார் வெளியே என்று ஒரு பலகை சொல்லும் என்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது. அதைக் கோயில் மாதிரி பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு மேலே ஏரிப் பொறுப்பாளனாக இருந்தவன் கிரெக். கல்லூரி நீச்சல் வீரன், தங்கமான மனசு. பலகை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் அசட்டை. பிள்ளைகள் வில்லையைத் திருப்ப மறந்தால் அவனே போகிற போக்கில் திருப்பிவிடுவான். ஒடெட் அப்படி விடமாட்டாள். குடிலுக்குப் போன பிள்ளையைக்கூடத் திரும்ப வரவழைத்து, அதன் கையாலேயே திருப்பவைப்பாள். பிள்ளைகள் அவளுக்கு 'விசில்' என்று பெயர் வைத்தார்கள்.

அவளிடம் இருந்தது கடைசிக் குழு, முகத்தைத் தண்ணீரில் வைக்கவே பயப்படும் ஏழு பையன்கள். அதில் மைலோ என்ற ஒன்பது வயதுப் பையன் முதல் வாரம் முழுக்கப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். "மூஞ்ச உள்ள வச்சு மீனுக்கு குட் மார்னிங் சொல்லிட்டு வா, போதும்" என்பாள். ஒன்பதாம் நாள் அவன் குமிழி விட்டு குட் மார்னிங் சொன்னான். "மீன் என்னடா சொல்லிச்சு?" என்று கேட்டாள். "தூங்குதாம்" என்றான். அன்று இரவு உணவுக்கு அவள் வந்து இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

ஜூலை நடுவில் பெற்றோர் நாள் வந்தது. காலையிலிருந்து கார்களாக வந்தன. ஏரிக்கரைப் புல்லில் பெற்றோர்கள் நாற்காலி போட்டு உட்கார, பிள்ளைகள் தாங்கள் கற்றதைச் செய்து காட்டினார்கள். பதினொன்றரைக்கு எல்லோரையும் கரையேற்றினார்கள். நான் சமையலறையில் தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்தேன். பிறகு நடந்ததில் பாதி நானே பார்த்தது. மீதியை அவளும் கிரெக்கும் சொன்னார்கள்.

பலகையில் ஒரு வில்லை சிவப்பாக இருந்தது. மைலோ.

"அவன் அப்பா அம்மா வந்திருப்பாங்க. திருப்ப மறந்துட்டு ஓடியிருப்பான்" என்றான் கிரெக்.

"அவன் கரையேறுனத நீ பாத்தியா?"

"பாக்கல. ஆனா ஒடெட், எரநூறு பெத்தவங்க உக்காந்திருக்காங்க. ரெண்டு நிமிஷம் பொறு, ஆள் அனுப்பித் தேடிட்டு..."

"நீயும் பாக்கல, நானும் பாக்கல. அப்ப அவன் தண்ணிக்குள்ளதான் இருக்கான்."

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தாள். நீளமாக மூன்று முறை.

அந்த ஓசைக்கு முகாமில் ஒரே அர்த்தம்தான். மணி அடித்தது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஊழியர்கள் அத்தனை பேரும் ஏரிக்கு ஓடினோம். நீச்சல் தெரிந்தவர்கள் ஆழத்தில் முங்கினார்கள். தெரியாதவர்கள் கையோடு கை கோத்து, ஆழமில்லாத பக்கத்தில் வரிசையாக நடந்தோம். சமையலறை ஏப்ரனோடு நெஞ்சளவு தண்ணீரில் நான் நடந்தேன். ஒவ்வொரு அடியிலும் சேற்றைக் காலால் துழாவ வேண்டும். மெத்தென்று ஏதாவது தட்டுப்படுமோ என்று என் உயிரே காலில் இருந்தது. கரையில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட, உடனே எல்லோரும் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒடெட் முங்குவதும் எழுவதுமாக இருந்தாள். எழும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஆறு நிமிடம் பத்து வினாடி கழித்து, கார் நிறுத்தும் இடத்திலிருந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைலோ வந்தான். வாயைச் சுற்றி டோனட் சர்க்கரை. வீட்டில் புதிதாக நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார்கள். அதைக் காட்ட அப்பா அவனைத் தண்ணீரிலிருந்து நேராகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஒடெட் தண்ணீரிலேயே நின்று அவனைப் பார்த்தாள். கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் படகுத்துறையில் ஏறினாள்.

அதன் பிறகுதான் கோபம் கிளம்பியது. மைலோவின் அப்பா முகாமின் தலைவி ஹாரியட்டிடம் சத்தம் போட்டார். "என் பையன் என் கூட இருக்கான். அவன் செத்துட்டான்னு ஊருக்கே விசில் ஊதியிருக்கா உங்க பொண்ணு!" இன்னொரு தாய்க்கு மயக்கமே வந்துவிட்டது. நாள் பாழாகிவிட்டது என்று நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். முப்பது வருடம் அந்த முகாமை நடத்தியவர் ஹாரியட். அவரே களைத்துத் தெரிந்தார்.

"ஒடெட், சாப்பாட்டு நேரத்துல எழுந்து நீயே ரெண்டு வார்த்தை சொல்லிடும்மா" என்றார். என்ன வார்த்தை என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் புரிந்தது.

சமையலறைக்குப் பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். கிரெக் வந்து, "ஸாரின்னு ஒரு வார்த்தை. அஞ்சு வினாடி வேலை. முடிச்சுடு" என்றான்.

அவன் போனதும் அவளிடம் கேட்டேன். "என்னடி பண்ணப்போற?"

"தெரியல. ஸாரி கேக்கலன்னா அனுப்பிடுவாங்களா?"

"அனுப்பினா நானும் வர்றேன். தட்டு எல்லா ஊர்லயும் இருக்கு."

முதல் தடவையாகச் சிரித்தாள். ஈரத் தலையோடு அப்படியே சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனாள். நான் சமையலறையின் பரிமாறும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நானூறு பேர் இருப்பார்கள். பெஞ்சில் ஏறி நின்றாள்.

"நான் ஒடெட். காலையில விசில் ஊதினது நான்தான். உங்கள பயமுறுத்திட்டேன், அது எனக்கு வருத்தம். ஆனா விசில் ஊதினதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். பலகை சிவப்பா இருந்தா நாளைக்கும் ஊதுவேன். நான் மன்னிப்புக் கேக்க வேண்டியது வேற ஒண்ணுக்கு. நாங்க தேடி முடிக்கல, அதுக்குள்ளயே ஆறு நிமிஷம் ஆயிடுச்சு. தண்ணிக்கடியில இருக்கிற புள்ளைக்கு அவ்வளவு நேரம் கெடையாது. நாலு நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். நாளையிலேருந்து பழகுவோம்."

இறங்கிவிட்டாள். மைலோவின் அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் இருந்த மனைவி எழுந்தார். மைலோவின் கையைப் பிடித்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து வெளியே போனார். சமையலறையின் மறுபக்க ஜன்னலில் எனக்கு ஏரி தெரியும். இருவரும் படகுத்துறை வரை நடந்தார்கள். பையன் எட்டி, தன் வில்லையை வெள்ளையாகத் திருப்பினான். திரும்பி வரும்போது அந்த அம்மா ஒடெட்டின் மேசையில் நின்று, அவள் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஹாரியட்டே விசிலோடு எங்கள் குடில் வாசலில் நின்றார். "எழுந்திருங்க. ஒடெட் சொன்ன மாதிரி பழகணும்." இரண்டு வாரம் தினமும் அந்தக் குளிரில் இறங்கினோம். கிரெக்தான் எல்லோருக்கும் முன்னால் குதித்தான். கடைசியில் மூன்று நிமிடம் நாற்பது வினாடிக்கு வந்தோம். அன்று எனக்கு ஒலிம்பிக்கில் ஜெயித்த மாதிரி இருந்தது.

நான் அதன் பிறகு போகவில்லை. தட்டு கழுவியது போதும் என்றாகிவிட்டது. அவள் இன்னும் நாலு கோடை போனாள். மூன்றாவது வருடம் ஏரிப் பொறுப்பு முழுக்க அவள் கைக்கு வந்தது. அங்கேயே இருந்துவிடு என்று ஹாரியட் கேட்டார். "உங்க ஏரி நல்ல ஏரிதான். ஆனா என்னைத் தாங்குற தண்ணி வேற" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஊரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்தாள். சனிக்கிழமைகளில் நீச்சல் வகுப்பு என்று அறிவித்தபோது வந்தவர்கள் நாலே பேர். பெரியவர்கள் அதை வெட்டி வேலை என்றார்கள். அவள் வீடு வீடாகப் போனாள். மாஸ் கிளிஃபோர்டின் வீட்டுக்கும் போனாள். அவர் வாசல்வரை வந்து கடலைப் பார்த்துவிட்டு, "பேத்திய அனுப்புறேன். ஆனா கத்தாத, அவ பயந்துக்குவா" என்றார்.

"கத்தாம எப்படி மாஸ் கிளிஃபோர்ட்? கடல் கத்துதே!"

அந்தப் பேத்தி இப்போது கடலோரக் காவல் படையில் இருக்கிறாள். அந்தக் கரையில் இருபது வயதுக்குக் கீழே இருக்கிற எந்தப் பிள்ளையை வேண்டுமானாலும் கேளுங்கள், ஒடெட் டீச்சரிடம் திட்டு வாங்கியதைப் பெருமையாகச் சொல்லும். வளர்ந்த மீனவர்களுக்கும் வகுப்பு எடுத்தாள். தாடிக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று குமிழி விடுவதைப் பார்க்க நாங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் போவோம்.

இந்த ஜனவரியில் அலிகேட்டர் பாண்ட் ஊர்ப் பள்ளியிலும் வகுப்பு தொடங்கினாள். என் வண்டியில்தான் அழைத்துப்போனேன். அங்கிருந்த தலைமை ஆசிரியர் கரையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "இவங்க அமெரிக்காவுலயே பெரிய வேலை பாத்தவங்க" என்று நீளமாக ஆரம்பித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண் வரிசையை விட்டு விலகி வந்து, "டீச்சர், தண்ணி குளிருமா?" என்று கேட்டாள்.

"வா, பாத்துட்டு வரலாம்" என்றாள் ஒடெட். அவர் பேசி முடிக்கும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நடந்தாள். மற்ற பிள்ளைகளும் வரிசையை மறந்து பின்னால் ஓடினார்கள். நான் வண்டியில் சாய்ந்து நின்று, பக்கத்தில் நின்றவரிடம் கேட்காமலே சொன்னேன்: "எங்க பெரியம்மா பொண்ணு."