தம்பியின் கால் உதைத்தது

என் தம்பி பெயின்டர். நானும்தான். ஆனால் நூல் பிடிக்காமல் சுவரில் நேர்கோடு இழுக்க அவனால்தான் முடியும். எனக்கு வாய் மட்டும்தான் நீளம்.

மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்ததில் அவன் முதுகெலும்பு உடைந்தது. கால்கள் துவண்டு கிடந்தன. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டே மாதத்தில் மடியில் தகடு வைத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுத ஆரம்பித்துவிட்டான்.

ஒருநாள் காலை போர்வையை இழுத்தேன். அவன் வலது கால் வெடுக்கென்று உதைத்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அது தானாக உதைக்கிறது, நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உட்கார்ந்தே பழகிவிட்டான், நடக்கப் பயப்படுகிறான் என்று நானே முடிவு கட்டினேன்.

சாரத்தில் நடுங்கும் புது ஆளைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, சொல்லாமல் கையை எடுப்போம். தானாக நின்றுவிடுவான். அந்த வித்தையைத் தம்பியிடமும் காட்டினேன். அக்குளில் கைகொடுத்துத் தூக்கியதும் கால்கள் கட்டையாக விறைத்து நின்றன.

"விட்டுராதண்ணே" என்றான்.

விட்டேன். சரிந்து விழுந்தவன் தரையில் ஊன்றிய வலது மணிக்கட்டு நொறுங்கியது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு ஒரு நரம்பு இறங்குகிறது, அங்கிருந்து தசைக்கு இன்னொன்று போகிறது என்றார். தம்பிக்கு அறுந்தது மேல் நரம்பு. கீழ் நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முதல் வாரங்களில் தண்டு அதிர்ச்சியில் அடங்கிக் கிடந்ததாம். இப்போது காலைத் தொட்டால் சேதி தண்டுவரை போய், மூளையைக் கேட்காமல் அங்கிருந்தே திரும்பி வந்து உதைக்க வைக்கிறது. மேலிருந்து அடக்க ஆளில்லை, அதனால்தான் அத்தனை வேகம், அத்தனை விறைப்பு. கீழ் நரம்பு போயிருந்தால் உதையே வந்திருக்காது, கால் துவண்டே கிடந்திருக்கும். நான் தெருவெல்லாம் கொண்டாடியது அவன் குணமானதை அல்ல, அறுந்து போனதை.

மணிக்கட்டு கோணலாகத்தான் சேர்ந்தது. பிரஷ் பிடித்தால் கோடு அலைகிறது. பலகைக்கு வந்த கடைக்காரர்களை அவன் வேறு ஆளிடம் அனுப்பிவிட்டான். மன்னிப்புக் கேட்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என்னைப் பார்க்காமலே பேசினான்.

"காலுதான் நான் சொன்னா கேக்காது. உனக்கு என்னண்ணே வந்துச்சு?"

இன்றைக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற, நான் பக்கத்திலேயே நின்றாலும், அடுப்படியில் இருக்கும் தன் மனைவியைத்தான் கூப்பிடுகிறான்.