எஸ்தருக்காக எழுதிய ஆறு மனுக்கள்

இரவில் லாட்ஜில் சாவி கொடுப்பது என் உத்தியோகம்; பகலில் பிறர் படிப்புக்கு மனு எழுதுவது, யாரும் சம்பளம் தராத என் இன்னொரு உத்தியோகம்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. குற்றாலத்தில் லாட்ஜ் ஆபீஸ் டைப்ரைட்டரில் ஒரு விரலால் ஆரம்பித்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, இங்கிலீஷை நானே தட்டித் தட்டிப் படித்தேன். தென்காசி வீட்டில் என்னை எதிர்பார்க்க ஆள் இல்லாததால், லீவு நாளிலும் லாட்ஜுக்கே வந்து, அங்கே வருகிற பேப்பர்களை விளம்பரம் விடாமல் படிப்பேன். அதனால் எந்தப் படிப்புக்கு எங்கே உதவித்தொகை, எந்தத் தேதிக்குள் போட வேண்டும், எத்தனை நகல் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நீங்களும் விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்காரர் திரும்புகிற தெருமுனையைப் பார்த்தபடி நின்றவர்தானே? அப்படியானால் உங்களிடம் சொல்லலாம்.

அறுபதுகளில் ஒரு சீசன். கீழப்பாவூரிலிருந்து தையல்காரி அன்னம்மாள், மகள் எஸ்தரைக் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். எஸ்தர் சென்னையில் ஒரு சங்கீதக் கல்லூரியில் வாய்ப்பாட்டு முதல் வகுப்பில் தேறியவள். அதே கல்லூரியில் இரண்டு வருட மேற்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. படிப்புக் கட்டணத்தைக் கல்லூரியே தள்ளுபடி செய்துவிட்டது. விடுதியில் தங்கிச் சாப்பிடுகிற செலவுக்குத்தான் வழியில்லை. முதல் மூன்று வருஷப் படிப்புக்கே அன்னம்மாளின் தையல் மிஷின் போய்விட்டது. இப்போது அடுத்தவர் மிஷினில் கூலிக்குத் தைக்கிறாள். ஆடி முடிவதற்குள் விடுதியில் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்கு.

"ஒண்ணரை மாசம் இருக்கு. முடிச்சிரலாம்" என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

தம்புரா வைத்திருக்கும் ஏழை

முதலில் சர்க்கார் உதவித்தொகை. ஏழை மாணவர்களுக்கு மட்டும். அந்தப் பாரத்தில் ஒரு கேள்வி: 'சொந்த வாத்தியம் உண்டா?' சங்கீதம் படிக்கிறவள் இல்லை என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்? 'உண்டு, தம்புரா ஒன்று' என்று அழகாக டைப் அடித்தேன். குடத்தில் கீறல் விழுந்த பழைய தம்புரா அது. எஸ்தரின் ஆசிரியை கொடுத்தது.

வருமானச் சான்றுக்காகக் கிராம முன்சீப்பிடம் போனோம். அவர் மற்றப் பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு அந்த ஒரு வரியில் விரலை வைத்தார். "வீட்டுல தம்புரா நிக்கி. அத வச்சுக்கிட்டு ஏழைன்னு நான் எப்படிவே கையெழுத்துப் போடுவேன்? ஒண்ணு அத வித்துட்டு வாரும், இல்ல மனுவக் கிழிச்சுப் போடும்."

இரண்டு வாசல்கள்

அடுத்து, கிறிஸ்தவ மாணவர்களுக்கு உதவுகிற ஓர் அறநிதி. அதன் காரியதரிசி எங்களுக்குக் காபி கொடுத்தார். எஸ்தர் படித்த கீர்த்தனைகள் எந்தெந்தச் சாமியைப் பற்றியவை என்று விசாரித்தார். அவளுக்குப் பொய் வராது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் முகம் காபியோடு சேர்ந்து ஆறிப்போனது. "நம்ம பாட்டுகளைப் படிக்கிறதானா யோசிக்கலாம்" என்றார்.

மறு வாரம், வியாபாரிகள் சேர்ந்து வித்வான்களுக்கு நடத்துகிற ஒரு தர்ம நிதி. அங்கே பாடச் சொன்னார்கள். பாடினாள். ஒரு பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பெயரைக் கேட்டார்கள். சொன்னதும் பேனா நின்றது. ஒருவர் நல்ல மனதோடுதான், "வேற பேர்ல எழுதிக்கிடுவோமா?" என்றார். எஸ்தர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அன்னம்மாள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அங்க போனா பாட்டு வேறங்காவ. இங்க வந்தா பேரு வேறங்காவ. நான் பெத்தது ஒரே ஒரு பிள்ளதான அண்ணாச்சி."

இருபத்துநாலு சாவிகள்

நாலாவது, கடன் உதவித்தொகை. படித்து முடித்து வேலைக்குப் போனபின் திருப்பிக் கட்ட வேண்டும். இதில் சாமியும் கிடையாது, தம்புராவும் கிடையாது என்று எனக்கு ஏக நம்பிக்கை. ஆனால் சொத்துள்ள இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கிடைத்தார்: அன்னம்மாளிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் சுந்தரபாண்டியபுரத்து விவசாயி. இன்னொருவராக நானே போய் நின்றேன்.

குமாஸ்தா, "உமக்கு என்ன சொத்து?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ராத்திரி ஆனா இருபத்துநாலு ரூம் சாவி என் கையிலதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. மனுவை மெதுவாக மடித்து என் பக்கம் தள்ளினார். "சாவி உம்ம கையில. கதவு யாருது?"

எண்ணெய் ஊறும் அரை மணி நேரம்

ஆடி பாதி கழிந்துவிட்டது. எஸ்தர் இரண்டு கடிதம் போட்டாள். இரண்டிலும் ஒரே கேள்வி: 'ஏதாவது வழி பிறந்ததா?' அந்த வாரம் எங்கள் லாட்ஜ் மாடியில் ஒரு மில் முதலாளி வந்து இறங்கினார். படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர் என்று பெயர். சாவி வாங்க அவருடைய டிரைவர்தான் வருவார் என்பதால் அவரை நான் பார்த்ததில்லை.

பணக்காரர்களை எப்போது அணுக வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. அருவிக்குப் போகிறவரிடம் பேசக் கூடாது. குளிரைப் பற்றிய கவலையில் இருப்பார். குளித்துவிட்டு வருகிறவரிடமும் கூடாது. பசி காதை அடைத்திருக்கும். எண்ணெய் தேய்த்துப் பாறையில் ஊறுகிற அரை மணி நேரம் இருக்கிறதே, அதுதான் நேரம். எழுந்து போக முடியாது, எதையும் தொட முடியாது, நாம் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விடிந்ததும் ஐந்தாவது மனுவை மெழுகுத் துணியில் சுற்றிக்கொண்டு அருவிக்குப் போனேன். எண்ணெய் தேய்க்கிற இசக்கியிடம், "மில் ஆளுக எங்கன?" என்றேன். கையைக் காட்டினான். பாறையில் ஒரு பெரிய உடம்பு தொந்தி மின்ன உட்கார்ந்திருந்தது. கைபட்டால் காகிதம் கெட்டுவிடும் என்று நானே முகத்துக்கு நேரே பிடித்தேன். சாரலில் அவர் நாலு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். "பிள்ள காலைல என்ன சாப்பிடும்?" என்றுகூடக் கேட்டார். பெரிய மனிதர் பெரிய மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டே மனுவைத் திரும்ப மெழுகுத் துணியில் சுற்றினேன்.

அவர் அருவிக்குள் போனதும் இசக்கியிடம், "முதலாளி தங்கமான மனுசன்" என்றேன்.

இசக்கி கையிலிருந்த எண்ணெயைத் தன் முழங்காலில் தடவிக்கொண்டான். "அது அவுகளுக்குச் சமைக்க வந்த சிவதாணு. முதலாளி அந்தால ஒல்லியா உக்காந்திருந்தாவளே, அவுக. எண்ணெயத் தேச்சுக் கோவணத்தக் கட்டிட்டா எனக்கே ஆளு தெரியாது, உமக்கு எங்க அண்ணாச்சி தெரியப் போவுது."

சிவதாணு சொன்ன திருத்தம்

விஷயத்தை யாரிடமும் சொல்லிவிடாதேயும் என்று கெஞ்சத்தான் அடுக்களைக்குப் போனேன். சிவதாணு செங்கோட்டைக்காரர்; இங்கிலீஷ் வாசிக்கிற அளவுக்குப் பள்ளிக்கூடம் போனவர். வெள்ளைப் பூசணியை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "மனு கொள்ளாம், கேட்டோ" என்று பாராட்டிவிட்டு, "ஆனா அது பலிக்காது" என்றார்.

நாலு பக்கம், வீட்டு நிலைமை, சங்கீதத்தின் பெருமை, என் சொந்த இங்கிலீஷ்! ஏன் பலிக்காது?

"பணம்னு கேட்டா முதலாளி கணக்கப்பிள்ளையக் கூப்பிடுவாவ. அவன் நூறு கேள்வி கேப்பான், ஆடி போயிரும். டாக்டர் அவுகளுக்குச் சோத்த நிறுத்தி நாலு வருசம் ஆச்சு. சர்க்கரை வியாதி. ரெண்டு கோதுமை தோசைய வச்சுக்கிட்டு ஒரு மணிக்கூர் உக்காந்திருப்பாவ. அன்னையிலேருந்து சோறுன்னு கேட்டு வந்தவனை வெறுங்கையோட அனுப்பி நான் பாக்கல. இந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்? விடுதிச் சாப்பாடுதான? அத நாலு பக்கத்துல எங்கவே ஒளிச்சு வச்சிருக்கேரு?"

ஆறாவது மனு

மறுநாள் மத்தியானம். தாயையும் மகளையும் வரச்சொல்லி மாடிக்குக் கூட்டிப்போனேன். ஒல்லியான மனிதர் ஒருவர் தட்டில் அரைத் தோசையோடு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு வரி எழுதிய தாளைக் கொடுத்தேன்: 'சென்னையில் பாட்டுப் படிக்கும் இந்தப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் சாப்பாடு வேண்டும்.'

வாங்கிப் பார்த்தார். யார் எவர் என்று கேட்கவில்லை. "சாப்பாடுதான?" என்றார். அந்தத் தாளின் அடியிலேயே, விடுதிச் செலவை மாதா மாதம் தன் சென்னை ஆபீஸில் வாங்கிக்கொள்ளும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்னம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எஸ்தருக்குச் சும்மா வாங்கிக்கொள்ள மனமில்லை. பாடுவதற்கு நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்தாள்.

அவர் கையமர்த்தினார். "பாட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சாயங்காலம் சிவதாணு வடை போடுவான். இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கிட்டிருப்பேன்."

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது எஸ்தர் அந்தக் கீறல் விழுந்த தம்புராவோடு தென்காசியில் ரயில் ஏறிவிட்டாள். நான் தட்டித் தட்டிக் கற்ற இங்கிலீஷெல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை, ஒரு சமையல்காரர் பூசணிக்காய் நறுக்கும் நேரத்தில் ஒரு வரியில் முடித்துவைத்தார் என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் வாங்கிய ஒரே பட்டம்.