ஒரே கஞ்சிக்கு இரண்டு கை உப்பு

1. சுவைத்துச் சொல்ல ஆளில்லை

“உப்பு போட்டாச்சா?” என்று கேட்டார் நூர்ஜகான் அம்மா.

“அப்பவே போட்டுட்டேனே” என்றார் அவர் கணவர் காதர் பாய்.

“நானும் போட்டேங்க.”

அடுப்பின் மேலிருந்த தேக்சாப் பாத்திரத்தை மூவரும் பார்த்தோம். நோன்புக் கஞ்சி மணத்துக்கொண்டிருந்தது. மகளைக் கொடுத்த வீட்டார் அன்றுதான் முதன்முறையாக நோன்பு திறக்க வருகிறார்கள். நோன்பு திறக்க அழைக்கும் மஃரிபு பாங்குக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

புதுச்சேரியில் ஒரு பாத்திரக் கடையின் சார்பில், குக்கர் வாங்கியோரின் வீடுகளுக்குச் சென்று செயல்முறை விளக்கம் தருவது என் பணியாக இருந்தது. ‘டெமோ மேடம்’ என்பார்கள். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். பணிக்காலத்தின் இறுதியில் நான் சென்ற வீடுகளுள் இதுவும் ஒன்று. அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, கதிர்காமம் மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு வந்திருந்தார். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற பாய்க்கு அதுவரை அடுக்களைப் பழக்கமில்லை. அவர் கைக்கு எளிதாகட்டும் என்றே குக்கர் வாங்கினார்கள்.

கஞ்சி வைக்கும் முறையை அவருக்கு விளக்கியிருந்தேன். அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் பொங்கி நுரைப்பவை. ஆகவே குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். அவரும் அப்படியே செய்து, வெந்ததைத் தேக்சாவுக்கு மாற்றிக் கொத்துக்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்த்தார். குக்கர் மூடியின் ரப்பர் காஸ்கெட்டைக் கழுவ நான் பின்கட்டுக்குச் சென்ற நேரத்தில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

“யாராச்சும் ஒரு வாய் பாத்தா தெரிஞ்சிடும்” என்ற பாய் என்னை நோக்கினார்.

நோன்பாளிகள் இருவரும் சுவைக்க மாட்டார்கள். எனக்கோ அன்று சஷ்டி விரதம். தயங்கிய என் முகத்தையும் நெற்றித் திருநீற்றையும் அம்மா கண்டுகொண்டார்.

“விரதமா மேடம்? அப்ப வேணாம். எங்க வூட்டுக் கஞ்சிக்காக உங்க விரதம் முறியறது எனக்குச் சம்மதமில்ல.”

“பக்கத்துல மதாம் இருக்காங்களே” என்று பாய் ஒரு கிண்ணத்தில் கஞ்சி மொண்டுகொண்டு ஓடினார். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் கிறிஸ்தவ மூதாட்டி அவர். மதில் சுவருக்கு அப்பாலிருந்து அவர் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

“கறி போட்டிருக்கியா பாய்?”

“ஆமாங்க மதாம்.”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை, தவக்காலம். நாளைக்கு எடுத்துட்டு வா, ரெண்டு கிண்ணமா சாப்பிடுறேன்.”

நிரம்பிய கிண்ணத்தோடு பாய் திரும்பி வந்தார். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. “சம்பந்தியம்மா மொத தடவ வாய் வைக்கப் போறது இதுலதான். வாயில வச்சதும் கீழ வச்சுட்டாங்கன்னா எம் பொண்ணு மூஞ்சிய எங்க வச்சிக்கும்?”

2. கை மறப்பதில்லை

“உருளைக்கிழங்கு போட்டா உப்ப இழுத்துக்கும்னு போன்ல ஒருத்தர் சொன்னாரு” என்றார் பாய்.

இல்லத்தரசியர் பலரும் நம்பும் செய்தி இது. கிழங்கு உப்பு நீரையே உறிஞ்சும். எஞ்சிய நீரின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத பொருளைச் சேர்த்து அளவைப் பெருக்குவதே உண்மையான மாற்று. எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

இரண்டு தட்டுகளை வைத்தேன். “முன்னே எப்படிப் போட்டீங்களோ, யோசிக்காம அப்படியே இதுல போடுங்க” என்றேன். எவ்வளவு போட்டோம் என்று கேட்டால் மனம் குழம்பும், கை குழம்பாது. பாய் உப்புச்சாடியில் கையை விட்டு ஒரு பிடி வைத்தார். அம்மா இடக்கையால் அள்ளி, சற்று உதிர்த்துவிட்டு வைத்தார்.

“இவ்வளவு கம்மியா போட்ட?” என்றார் பாய்.

“நொட்டாங்கை. பயந்து பயந்துதான் போட்டேன். நீங்க மறந்துடுவீங்கன்னு நெனச்சேன்.”

“காலைல இருந்து உப்பு உப்புன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, எப்படி மறப்பேன்?”

கரண்டியால் அளந்தேன். அந்தத் தேக்சாவுக்குப் பாயின் பிடியே போதுமானது. அம்மாவுடையது அதில் பாதி. ஆக, இருக்கும் கஞ்சியில் பாதியளவுக்கு உப்பில்லாக் கஞ்சி வேண்டும்.

3. ஆவி அடங்கும் வரை

நொய்யையும் பருப்பையும் மீண்டும் குக்கரில் ஏற்றினோம். விசில் விரைவில் வந்தது, ஆவிதான் அடங்கவில்லை. வாசலில் கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. பாய் கரண்டிக்காம்பால் வெயிட்டைத் தூக்கப் போனார்.

“தொடாதீங்க பாய். கஞ்சி பீச்சி மூஞ்சியில அடிக்கும்.”

சோறானால் வெயிட்டை மெல்லத் தூக்கலாம். கஞ்சியானால் ஒருபோதும் கூடாது. குக்கரைக் குழாயடிக்கு ஏந்திச் சென்று, மூடியின் விளிம்பில் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விட்டேன். வெயிட்டின் துளையில் நீர் படாமல் பார்த்துக்கொண்டேன். சீற்றம் தணிந்து மூடி தானே நெகிழ்ந்தது. வெந்ததை மசித்துத் தேக்சாவில் கலந்தோம். மிச்சத் தேங்காய்ப்பாலையும் ஊற்றினோம். பாங்கு கேட்டது.

நான் அடுக்களையிலேயே நின்றேன். கூடத்தில் நோன்பு திறந்தார்கள். பேரீச்சம்பழத்துக்குப் பின் கஞ்சிக் குவளைகள் கைமாறும் ஓசை வந்தது. பிறகு சம்பந்தியம்மாவின் குரல்: “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. யாரு கைப்பக்குவம் இது?”

“இவரு வச்சாரு” என்றார் அம்மா.

“அவதான் பக்கத்துல நின்னு செஞ்சா” என்றார் பாய்.

என் தொழில் எனக்குக் கற்பித்த, இளையவர்களுக்கு நான் சொல்லும் பாடம் இது: இருவர் சமைக்கும் அடுக்களையில் உப்பை ஒருவர் கையிலேயே விடுங்கள். பின்னர்ச் சென்ற வீடுகளிலெல்லாம் இதை வற்புறுத்தியே வந்தேன். ஒருவர் மறந்துவிடுவாரோ என்று மற்றவர் அஞ்சிக் கைகொடுத்த அந்த ஒரு வீட்டில் மட்டும் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.