ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்

பெட்டிக்கடைக்காரன் சிகரெட் விற்பான், புத்தி சொல்ல மாட்டான். ஏரியூர் பஸ் ஸ்டாப்பில் கடை வைத்திருக்கும் நானும் மாதையன் விஷயம் வரும்வரை அப்படித்தான் இருந்தேன். கடை வைத்திருக்கும் உங்களுக்கும் இப்படி ஒருத்தர் கட்டாயம் வாய்த்திருப்பார்.

வேண்டுதல்

மாதையன் டிராக்டர் ஓட்டுபவர். உதிரியாக வாங்கி நாளுக்கு ஆறோ ஏழோ பிடிப்பார். இருமல் நிற்காமல் தருமபுரிக்குப் போனால், இதை விடாவிட்டால் நெஞ்சு தாங்காது என்றுவிட்டார் டாக்டர். பயந்துபோனவர் தீர்த்தமலை ஏறி, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுக்கு மேல் தொடுவதில்லை என்று சாமியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று முதல் பத்து இருக்கும் பாக்கெட்டாக வாங்கி, படுப்பதற்குள் கஷ்டப்பட்டுக் காலி செய்தார். ஏன் இந்த வேதனை என்று கேட்டேன்.

"சாமிகிட்ட சொன்னதுல பாதிய வுட்டா குத்தமுங்க."

பெரிய பாக்கெட்

ஒரு வாரம் பத்து சிகரெட் பாக்கெட் வரவில்லை, இருபது இருக்கும் பெரிய பாக்கெட்தான் வந்தது. உதிரியாக ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நானே கெஞ்சினேன். கேட்கவில்லை. மூன்றாம் நாள் இருமி இருமிக் கடை பெஞ்சில் சரிந்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. தண்ணீர் கொடுத்தேன். மூச்சு திரும்பியதும் கை நீட்டினார்.

"இன்னும் நாலு பாக்கி இருக்குதுங்க, தீப்பெட்டி குடுங்க."

காவேரியின் யோசனை

மறுநாள் அவர் மனைவி காவேரி வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவரோ ஒரு காலிப் பெட்டியை நீட்டி, இதில் மூன்று மட்டும் போட்டுப் பசை வைத்து ஒட்டுங்கள், இனி அவருடைய பாக்கெட் இதுதான் என்றார். பக்கத்தில் நின்ற மாதையன், இதை எப்படிப் பாக்கெட் என்பது என்று இழுத்தார்.

"சாமி பாக்கெட்டத்தான் பாக்கும், உள்ள கைய வுட்டு எண்ணாதுங்க."

குலுக்கல்

மாதையன் மாட்டிக்கொண்டார். மூன்றும் தீர்ந்தால் கடை வாசலில் நின்று என்னையே பார்ப்பார். இன்னொன்று வாங்கினால் அது இரண்டாவது பாக்கெட். கடலை மிட்டாய் கொடுத்து அனுப்புவேன். அடுத்தடுத்த வாரங்களில் மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றானது. போன மாதம் ஒருநாள், ஒன்றும் போடாமலே ஒட்டச் சொல்லிவிட்டார் காவேரி. மாதையன் அதை வாங்கிக் காதோரம் குலுக்கினார். சத்தமே இல்லை. சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டிராக்டரில் ஏறினார்.

"நாளைக்கும் ஒன்னு ஒட்டி வைங்க, வாக்குன்னா வாக்குதானுங்க."

இருமல் குறைந்துவிட்டது; நான்தான் தினமும் காலையில் பசையும் கையுமாக உட்கார்ந்து காலி அட்டைப்பெட்டி வியாபாரம் செய்துகொண்டிருக்கிறேன்.