படத்துக்கு அடியில் ஒரு பெயர்

அந்த இணைய இதழின் அலுவலகத்தில் அவளை எல்லோரும் ‘யாருதக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படத்தைக் காட்டினாலும் “இது யாருது?” என்பதே அவளுடைய முதல் கேள்வி.

தட்டச்சு வேலைக்கு வந்தவள். கட்டுரைகளுக்குப் படம் சேர்ப்பதும் அவள் தலையில் விழுந்தது. ஒருமுறை குழந்தைகளின் தோல் நோய் பற்றிய கட்டுரைக்கு, நெட்டில் கிடைத்த ஒரு பிஞ்சு முகத்தைப் போட்டுவிட்டாள். மறுநாள் ஒரு தாய் போனில் அழுதாள். “என் புள்ளைக்கு ஒரு நோயும் இல்லைங்க. பார்க்கிறவங்கல்லாம் விசாரிக்கிறாங்க. யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

படத்தை உடனே எடுத்தாள்; மன்னிப்பும் கேட்டாள். பிறகு பட உரிமங்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தாள். பெயர் போட்டால் போதும் என்று சிலர் கொடுத்திருப்பார்கள். சிலர் வெட்ட விடமாட்டார்கள். சிலர் வியாபாரத்துக்குத் தரமாட்டார்கள். ஒன்றுமே எழுதாத படமா? கேட்காமல் தொடக் கூடாது. படத்தில் இருப்பவரின் சம்மதமோ தனிக்கதை.

போன மாதம் ஆசிரியர் ஒரு படத்தோடு வந்தார். மூடுபனியில் மூழ்கிய நகரம்; கட்டட உச்சிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

“நாற்பது இணையதளத்துல இருக்கும்மா. நாமளும் போட்டா என்ன?”

“நாற்பது பேர் கேட்காம எடுத்தா பொதுச் சொத்தாயிடுமா சார்?”

இரண்டு நாள் ஒவ்வொரு தளமாகப் பின்னோக்கிப் போய், முதலில் போட்டவரைக் கண்டுபிடித்தாள். அவர் ஒரு கிரேன் ஓட்டுநர். உச்சிக் கூண்டிலிருந்து கைபேசியில் எடுத்த படம் அது.

அவள் போனில் அனுமதி கேட்டதும், “இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லைங்க,” என்றார். “எம் பேரு போடுவீங்களா?”

“பேரில்லாம போடவே மாட்டோம் அண்ணே. சன்மானமும் உண்டு.”

“அப்பாவோட இனிஷியலையும் சேர்த்துப் போடுங்கம்மா.”

எங்கே, எவ்வளவு காலம், எப்படிப் பயன்படுத்துவோம் என்று ஒரே பக்கத்தில் எளிமையாக எழுதி அனுப்பினாள். அவர் கையெழுத்திட்டார்.

படம் வெளியான அன்று அவரிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. கூட வேலை செய்பவர்கள் அவர் பெயரை இனிஷியலோடு உரக்க வாசித்துக் கைதட்டுகிறார்கள். ஆசிரியர் இரண்டு முறை கேட்டுவிட்டு, “இனிமே நீ சரின்னு சொல்லாம ஒரு படமும் போகாது,” என்றார்.

வீட்டில் கணவருக்கும் போட்டுக் காட்டினாள்.

“படம் எடுத்தது அவரு. உனக்கென்ன இவ்வளவு பெருமை?” என்று சீண்டினார்.

“தேடிப் பிடிச்சது நான்ல!” என்றவள், இன்னொரு முறை ஓடவிட்டாள்.