செருப்பைக் கழற்றிக் கேட்ட பாட்டு

சினிமாப் பாட்டு என்றால் எனக்குப் பைத்தியம். புதுப்படம் வந்தால் ஆரணியில் முதல் காட்சிக்கே போய்விடுவேன். படம் ஓடும்போது பக்கத்தில் யாராவது பேசினால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போன மாதம் பக்கத்து சீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்தாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்தாள். ஒவ்வொரு வசனத்தையும் அவள் கணவர் அவள் காதில் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் பொறுத்தேன்.

"வூட்ல போயி பேசுங்களேன். மத்தவங்க படம் பாக்க வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

"கோச்சிக்காதீங்கக்கா," என்றார் அவர். "சின்ன வயசுலேர்ந்து பவர்லூம்ல வேலை செஞ்சிகினு இருக்கா. தறி சத்தத்துல காது மந்தமாயிடுச்சி. பாட்டு வந்தா நான் பேச மாட்டேன். அத அவளே கேட்டுக்குவா."

எப்படி என்று எனக்குப் புரியவில்லை. பாட்டு வந்தது. அவள் பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு, சீட்டின் கைப்பிடியில் தாளம் போட்டாள். ஓர் அடிகூடத் தப்பவில்லை. நடுவில் மேளம் நின்று மறுபடி விழுந்த அந்த நொடியில் வாய்விட்டுச் சிரித்தாள்.

மெதுவாக நானும் செருப்பைக் கழற்றினேன். தரை அதிர்ந்தது. ஹெட்போனில் நூறு தடவை கேட்ட பாட்டுதான். உள்ளங்கால் வழியாக ஏறியது எனக்குப் புதிதாக இருந்தது.

"யாருங்க அது, தாளம் போட்டு பேஜார் பண்றது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். "பாட்டு கேட்டுகினு இருக்காங்க. கொஞ்சம் சும்மா இருங்க!"

இப்போதெல்லாம் எந்தப் படத்துக்குப் போனாலும், முதல் பாட்டு தொடங்கும் முன்பே என் செருப்பு சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது.